பத்து ஏக்கர், இருபது மாடு: புதிதாகப் பண்ணை போட எந்தப் பக்கம் போகலாம்?

சித்திரை இரண்டாவது வாரம். திருப்பூர் மாவட்டம் மூலனூருக்குக் கிழக்கே, கொறங்காடு என்று அங்கே சொல்லும் ஒரு மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்துகொண்டு நானும் தம்பியும் உள்ளே போனோம். பச்சை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வெள்வேல மரங்கள் மட்டும் அங்கங்கே நின்றன. தரையெல்லாம் வைக்கோல் நிறத்தில் குத்துக் குத்தாகப் புல் காய்ந்து கிடந்தது. காட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். குனிந்து ஒரு குத்தைப் பிடித்து, மேலே இருந்த சருகை உதறிவிட்டு, அடியை விரலால் விலக்கிக் காட்டினார். மண்ணை ஒட்டி அரை அங்குலத்துக்கு இளம்பச்சை தெரிந்தது.

"மேல செத்தாப்புல இருக்குமுங்க தம்பி, அடி உசுரோட இருக்கும். ஒரு மழை விழுந்தாப் போதும், கொஞ்ச நாள்ல மாடு வாய் வெக்கற அளவுக்கு வந்துருமுங்க" என்றார். அப்புறம் அவரே கேட்டார்: "காடு பாக்க வர்றவங்க எல்லாம் ஐப்பசி கார்த்திகையிலதானுங்க வருவாங்க. நீங்க ஏனுங்க இந்த வெய்யில்ல வந்தீங்க?"

வெயிலில் போனதற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் சொந்த ஊரில், சிவகங்கைப் பக்கம், ஆறு கலப்பினப் பசுக்களை வாங்கிக் கட்டினோம். அது ஒரு கார்த்திகை மாதம். கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பி நின்றது, கண்மாய் தளும்பியது. பங்குனியில் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. சித்திரை முழுக்க வைக்கோலும் தண்ணீர் லாரியுமாகக் காசு கரைந்தது. ஆனியில் ஆறு மாட்டையும் வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்தோம். மாடு நல்ல மாடுதான், நாங்களும் வேலைக்கு அஞ்சவில்லை. இடத்தைப் பார்த்த மாதம்தான் தவறு.

அதற்குப் பிறகு எந்த இடத்தைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் இங்கே மாடு என்ன தின்னும்? பால் விலை, நில விலை, மானியம் எல்லாம் அதற்கு அப்புறம். இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் சுற்றினோம். ஓசூர்–கிருஷ்ணகிரி, காவிரி டெல்டா, சிவகங்கை–ராமநாதபுரம், மலையடிவாரங்கள், காங்கயம்–தாராபுரம் வட்டாரம் என்று பார்த்ததைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன். புதிதாக, கையில் ஒன்றும் இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் கணக்கு

டெக்சாஸிலும் ஆஸ்திரேலியாவிலும் மாட்டுப் பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர். நம்மூரில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. நில உச்சவரம்புச் சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான். தர ஏக்கர் என்பது மண்ணின் தரத்தை வைத்துப் போடும் கணக்கு. புன்செய்யாக இருந்தால் தர ஏக்கர் கணக்கில் கூடுதல் பரப்பு கிடைக்கும். ஆனாலும் புதிதாக வாங்குகிற சாதாரண ஆளுக்குப் பத்து ஏக்கர் என்பதே பெரிய விஷயம். ஆகவே பத்து ஏக்கர், இருபது மாடு என்று வைத்துக்கொள்வோம்.

350 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுப் பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு உலர்தீவனம் தின்னும். ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வருடத்துக்கு 3.2 டன். இருபது மாட்டுக்கு 64 டன். மானாவாரி மேய்ச்சல் நிலம் ஒரு ஏக்கரில் வருடத்துக்கு ஒரு டன் உலர்புல் கொடுத்தால் நல்ல நிலம் என்பேன். அப்படியானால் வெறும் புல்லை நம்பி இருபது மாடு வைக்க அறுபத்து நான்கு ஏக்கர் வேண்டும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கோ-5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் பாசனத்தில் ஹெக்டேருக்கு வருடம் 360 டன் பசுந்தீவனம் தரும் என்பது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் அளவு. ஏக்கருக்கு 145 டன் வருகிறது. நம் கைக்கு 100 டன்தான் வரும் என்று வைத்துக்கொண்டாலும், ஈரம் போக உலர் எடையில் 20 டன். இரண்டு ஏக்கர் போட்டால் 40. மீதி எட்டு ஏக்கர் மேய்ச்சலில் 8. பாக்கி 16 டன்னை வைக்கோலாகவோ சோளத்தட்டாகவோ வாங்கிப் போர் போட வேண்டும். கணக்கு நேராகிவிடுகிறது.

ஆனால் அந்த இரண்டு ஏக்கர் நேப்பியர் சும்மா வராது. மாடு குடிக்கும் தண்ணீரைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இருபது மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர், கோடையில் கொஞ்சம் கூட. அது பெரிய விஷயமே இல்லை. ஒரு ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு ஏக்கருக்கு, சித்திரை வெயிலில். கிணறு மாட்டுக்கு அல்ல, புல்லுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பாருங்கள், பாதி இடங்கள் அங்கேயே கழிந்துவிடும்.

ஓசூர்–கிருஷ்ணகிரி

மாட்டுக்குச் சுகமான சீதோஷ்ணம் என்றால் மலைப்பகுதி நீங்கலாகத் தமிழ்நாட்டில் ஓசூருக்கு நிகர் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1824-லேயே படைக்குதிரை வளர்ப்புக்கென்று ஓசூரை ஒட்டிய மத்திகிரியைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. அதுதான் பிற்பாடு அரசுக் கால்நடைப் பண்ணையாக மாறியது. எச்.எஃப். எனும் வெளிநாட்டுப் பால் இனத்தின் கலப்பினம் 25, 26 டிகிரிக்கு மேல் போனாலே இரைக்கத் தொடங்கும், தீனி குறையும், பால் குறையும், சினை நிற்காது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் அந்தத் தொல்லை குறைவு. கேழ்வரகுத் தட்டு கிடைக்கிறது. பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் பாலுக்கு வாடிக்கை குறையவே குறையாது. கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது, தனியார் பால் வண்டிகளும் தெருத் தெருவாக வருகின்றன.

வாராவாரம் கையில் காசு வந்தாக வேண்டும், கடனுக்குத் தவணை கட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தையே சொல்வேன். ஆனால் அது பால் பண்ணை. மேய்ச்சல் பண்ணை அல்ல. நில விலை பெங்களூர் வளர்ச்சியோடு ஏறிவிட்டது. எட்டு ஏக்கரை மாடு மேய விடுவது அங்கே கட்டுப்படியாகாது. வாங்குகிறவர் இரண்டு மூன்று ஏக்கரில் கொட்டகை போட்டு, மாட்டைக் கட்டியே வைத்துத் தீனி போடுவார். இன்னொன்று, காட்டை ஒட்டிய நிலம் மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று கேளுங்கள். கேழ்வரகுக் காட்டுக்கு வருகிற யானை நேப்பியர் தோட்டத்தை மட்டும் விட்டு வைக்குமா? தர்மபுரி, கிருஷ்ணகிரியின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் குடிக்கும் மாட்டுக்கும் பல் கறுத்துத் தேயும், மூட்டு இறுகும். ஆகவே ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் அங்கே முன்பணம் கொடுக்கவே கூடாது.

டெல்டா

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போனபோது தம்பிக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாள். இயந்திரம் வைக்கோலைச் சுருட்டி உருளை உருளையாகக் கட்டிப் போட்டிருந்தது. லாரிகள் வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தன. தீவனம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற இடத்தை விட்டுவிட்டு நாம் ஏன் ஊர் ஊராக அலைகிறோம் என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ராமநாதபுரத்துக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கோடையில் இங்கேதான் ஆடு ஓட்டி வருகிறார்கள். ராத்திரியில் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போட்டால் உரத்துக்காக நிலக்காரரே காசோ நெல்லோ கொடுக்கிறார். எல்லா ஊரும் காய்கிற சித்திரையில் டெல்டாவில் மாட்டுக்கு இரை உண்டு. என்னுடைய முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்ன ஊர் இதுதான்.

சிக்கல் மற்ற மாதங்களில். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. தை வரைக்கும் மாட்டை அவிழ்த்துவிட ஒரு சென்ட் காய்ந்த தரை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டகைத் தரையே ஈரத்தில் ஊறும். குளம்பு அழுகும். நத்தை வழியாக ஈரல் புழு வரும், குடற்புழு மருந்தைத் தவறவிட்டால் மாடு மெலிந்துகொண்டே போகும். அறுப்புக்குப் பிறகும் முழு உரிமை இல்லை. பாதி வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் முளைத்திருக்கும். அடுத்தவர் உளுந்தில் நம் மாடு ஒரு முறை வாய் வைத்தால் போதும், ஊரில் நமக்கு இருக்கிற நல்ல பெயர் அன்றோடு சரி. புதிதாக வந்து குடியேறியவனுக்கு அது பெரிய இழப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் எத்தனை மாடுகளைக் கொண்டுபோனது என்பதை அங்கே இன்னும் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு ஏற்ற மாடு எது என்பது இங்கே முன்பே முடிவாகிவிட்டது. உம்பளச்சேரி. குள்ளமான, கட்டான மாடு. சேற்றில் காலைப் பிடுங்கி நடக்கத் தெரிந்தது. கன்று சிவப்பாகப் பிறந்து ஏழெட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். திருவாரூர் மாவட்டம் கொருக்கையில் அரசுப் பண்ணையே வைத்து இந்த இனத்தைக் காக்கிறார்கள். டெல்டாவில் சொந்த நிலம் உள்ளவர் வேறெங்கும் போக வேண்டாம், கொஞ்சம் மேட்டுத் தரையாகப் பார்த்துக் கொட்டகையை உயர்த்திப் போட்டு உம்பளச்சேரியோடு தொடங்கலாம். வெளியூரிலிருந்து நிலம் வாங்கி வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். நெல்லுக்கென்றே அமைந்த நன்செய்யை வாங்கி அதில் மாடு மேய்ப்பது அந்த நிலத்துக்கும் நியாயமில்லை.

சிவகங்கை, ராமநாதபுரம்

இது எங்கள் ஊர். அதனால் கடுமையாகவே சொல்கிறேன். நிலம் மலிவு. ஓசூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் வாங்குகிற காசில் மானாமதுரை உள்கிராமங்களில் பல ஏக்கர் வாங்கலாம். வாங்கிய பிறகுதான் செலவு. நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய பிறகும் மண்ணில் கிடக்கும் விதை மழைக்கு மழை முளைக்கும். அந்த நெற்றை மாடு ஆசையாகத் தின்னும். கொஞ்சமாகத் தின்றால் நல்ல தீனிதான். கோடையில் வேறு எதுவும் இல்லாமல் அதையே தின்றால் செரிக்காமல் வயிறு கட்டிக்கொள்ளும். சாணத்தில் விதை விழுந்து சுத்தம் செய்த நிலத்திலேயே மறுபடி காடு எழும்பும்.

மழை ஒன்றும் மோசமில்லை என்பதுதான் இங்கே பலருக்கும் புரியாத விஷயம். சிவகங்கைக்கு வருடத்தில் காங்கயத்தை விட அதிக மழை. ஆனால் அதில் பெரிய பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். தை முதல் புல் இறங்குமுகம்தான். காங்கயம் பக்கம் மழை குறைவு, ஆனால் சித்திரை வைகாசியில் ஒரு கோடைமழை, ஆவணி புரட்டாசி முதல் கார்த்திகை வரை இன்னொரு மழை என்று இரண்டாகப் பிரிந்து விழுகிறது. புல்லுக்கு மொத்த மழையை விட இந்தப் பிரிவுதான் முக்கியம். மழைக் கணக்கைப் பார்க்கிறவர்கள் வருட மொத்தத்தைப் பார்க்காமல் மாதவாரியாகப் பாருங்கள்.

இங்கே மாடு வளர்க்கிறவர்கள் ஒரே இடத்தில் பண்ணை என்று உட்கார்ந்ததே இல்லை. புலிக்குளம் மாட்டுக்காரர்கள் நூறு, இருநூறு மாடுகளாக ஓட்டிக்கொண்டு கிடைக்கு மேல் கிடை போட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மண் ஓரிடத்தில் நிற்க விடாது, அதற்கு அவர்கள் கண்ட வழி அது. மஞ்சுவிரட்டுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் காளைக்கன்று விலை போகும் ஊர் என்பது பெரிய பலம். 2017-இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் வந்து, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு நல்ல கன்றுக்கு ஆள் தேடி வருகிறார்கள். ஓட்டி மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்றால் இந்தத் தொழிலை இங்கே விடவே வேண்டாம். வேலி போட்டு ஒரே இடத்தில் பண்ணை நடத்த நினைக்கிறவருக்கு, கோடை தாங்கும் கிணறு உள்ள நிலம் கிடைத்தால் ஒழிய, எங்கள் ஊரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிராமத்துக் கண்மாய் உள்வாயில் மேயலாமே என்பார்கள். அது ஊர்ப் பொது. அதை நம்பி நம் மாட்டின் எண்ணிக்கையை ஏற்றக் கூடாது.

மலையடிவாரம்

பர்கூர் மலையின் செம்மறை மாடுகளை, சிவப்பில் வெள்ளைத் திட்டு உள்ளவற்றை, பட்டியில் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். தேனிப் பக்கத்து மலைமாடுகளும் அப்படித்தான். ஆனால் அந்த வளர்ப்பு முழுக்கக் காட்டு மேய்ச்சலை நம்பியது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மாடு மேய்க்கத் தடை விதித்தது. முதலில் எல்லா வனங்களுக்கும் என்று வந்து, சில நாளிலேயே புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. பரம்பரையாக மேய்த்தவர்களே உரிமைக்குப் போராடும் இடத்தில் புதிதாக ஒருவர் போய் நிற்பது சரியில்லை. நீலகிரி, கொடைக்கானல் விலையைக் கேட்டதோடு திரும்பிவிட்டோம்.

காங்கயம்–தாராபுரம்–மூலனூர்

மற்ற எல்லா ஊரிலும் மேய்ச்சல் நிலத்தை நாம் உருவாக்க வேண்டும். இங்கே அது ஏற்கெனவே இருக்கிறது. கொறங்காடு என்றால் வெறும் தரிசு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாட்டுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட தனியார் மேய்ச்சல் நிலம் அது. அதில் மூன்று அடுக்கு இருக்கிறது. தரையில் கொழுக்கட்டைப் புல். வருடக்கணக்கில் செத்துப் போகாத புல், மாடு கடிக்கக் கடிக்கத் தூர் கட்டும். நடுவே தானாக முளைக்கும் நரிப்பயறு போன்ற கொடிகள். மேலே வெள்வேலம். அதன் நிழல் புல்லைக் கெடுக்காத மெல்லிய நிழல், கோடையில் அதன் காய் உதிரும்போது ஆடு மாடு பொறுக்கித் தின்னும். சுற்றிலும் முள்கிளுவை வேலி. கிளுவையைக் கம்பாக வெட்டி நட்டால் தழைத்துவிடும், சில வருடத்தில் கன்றுக்குட்டி கூட நுழைய முடியாத அடர்த்தி. பத்து ஏக்கருக்குக் கம்பி வேலி போட விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கிளுவையின் மதிப்பு தெரியும்.

மேய்க்கிற முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மழை விழுந்ததும் மாட்டை விட மாட்டார்கள். படலைச் சாத்தி, புல் பூத்து விதை கட்டும் வரை காத்திருப்பார்கள். விதை உதிர்ந்த பிறகு முதலில் மாடும் எருமையும், கடைசியில் செம்மறி. நிலத்தைத் துண்டு துண்டாக வேலி பிரித்து ஒன்றில் மேயும்போது மற்றொன்றை ஆற விடுவார்கள். சுழற்சி மேய்ச்சல் என்று இன்று வகுப்பில் சொல்லித் தருவதை அந்தக் காட்டுக்காரர் தன் அப்பாவிடம் கற்றிருக்கிறார். ஆரம்பிக்கிறவருக்குப் பக்கத்துக் காட்டிலேயே ஆசான் இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

மாடு காங்கயம். இந்தக் காட்டுக்கும் இந்த வெயிலுக்கும் ஆனது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கியது ஊரறிந்த வரலாறு. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கயம் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழையகோட்டையில் காங்கயம் மாட்டுக்கென்றே சந்தை கூடுகிறது, சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. இனவிருத்திக்கான நல்ல பூச்சிக்காளைக்கு அலைய வேண்டியதில்லை. விற்கவும் ஆள் தேட வேண்டியதில்லை.

இனி குறைகள். அவை நிறைய உண்டு.

பால் குறைவு. கன்றுக்கு விட்டது போக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர், ஒரு ஈத்துக்கு ஐந்நூறு அறுநூறு லிட்டர். அதைச் சங்கத்தில் ஊற்றினால் தீனிச் செலவு கூட வராது. திருப்பூரிலும் கோவையிலும் நாட்டுமாட்டுப் பால் நல்ல விலைக்குப் போகிறது என்பார்கள். போகிறது, ஆனால் தினமும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதை முதல் வருடக் கணக்கில் எழுதாதீர்கள். காங்கயத்தில் வருமானம் கன்றில்தான். கலப்பினத்தில் காளைக்கன்று பிறந்தால் வீட்டில் முகம் வாடும், ஏனென்றால் அதற்கு விலையே இல்லை. காங்கயத்தில் காளைக்கன்று பிறந்தால் சந்தோஷப்படுவார்கள். ரேக்ளாவுக்கு, வண்டிக்கு, ஜல்லிக்கட்டுக்கு, இனவிருத்திக்கு என்று கேட்டு வருவார்கள். ஆனால் அது கைக்கு வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை குடும்பம் நடத்த வேறு வழி இருக்க வேண்டும்.

தண்ணீர் இங்கேயும் கஷ்டம்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழை மறைவுமான பூமி. ஆழ்குழாய் ஆயிரம் அடி வரை போகிற ஊர்கள் உண்டு. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) ஆயக்கட்டு நிலம் என்று தரகர் சொன்னால் எந்த மண்டலம், கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். நான்கு மண்டலத்துக்கும் முறைவைத்துத்தான் விடுவார்கள், வெள்ளகோவில் கடைமடைக்கு அது வந்து சேருவது பெரும்பாடு. நொய்யல் கரையோரம் மலிவாக வந்தாலும் வேண்டாம். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதையும், சுற்று வட்டாரக் கிணறுகள் கெட்டதையும் அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. மாட்டுக்கு உப்பேறிய தண்ணீர் கொடுத்து இனம் பெருக்க முடியாது.

அப்புறம் ஆள் பஞ்சம். பனியன் கம்பெனி வண்டி கிராமத்துக்கே வந்து ஆள் ஏற்றிப் போகும்போது மாடு மேய்க்க யார் வருவார்? காற்றாலைக்கும் சூரிய மின் தகட்டுக்கும் கொறங்காடுகளை மொத்தமாக வாங்குகிறார்கள், அதனால் விலை ஏறுகிறது. இப்படிப் போனால் இன்னும் இருபது வருடத்தில் எத்தனை காடு மிஞ்சும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. வெறிபிடித்த மாதிரித் திரியும் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறுவது இந்த வட்டாரத்தில் பெரிய பிரச்சினையாகி, விவசாயிகள் சாலையில் இறங்கும் அளவுக்கு வந்துவிட்டது. இளங்கன்றுகளை ராத்திரியில் காட்டில் விடுவது இப்போது முடியாத காரியம்.

இவ்வளவு இருந்தும் என் தேர்வு இதுதான். மற்ற இடங்களின் குறை மாட்டின் அடிப்படையைத் தொடுகிறது: தீனி இல்லை, அல்லது நடக்கத் தரை இல்லை, அல்லது நுழைய அனுமதி இல்லை. இங்கே உள்ள குறைகளை உழைப்பாலும் பொறுமையாலும் ஓரளவு சமாளிக்கலாம். காங்கயம் நகரை ஒட்டி வேண்டாம், அங்கே ஆலைகளும் மனைகளுமாக விலை எகிறிவிட்டது. தாராபுரத்துக்குக் கிழக்கே மூலனூர், கன்னிவாடி, அரவக்குறிச்சி வரை பாருங்கள். அந்தப் பக்கம் முருங்கைக் காடுகள் அதிகம், கழித்த தழை மாட்டுக்கு அருமையான தீனி.

பத்திரத்தில் கை வைக்கும் முன்

எந்த ஊராக இருந்தாலும் வில்லங்கச் சான்று, சிட்டா, புலப்படம் மூன்றையும் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டுப் பண்ணைக்காரர் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். மலிவான மேய்ச்சல் நிலம் பல சமயம் பஞ்சமி நிலமாகவோ பூமிதான நிலமாகவோ இருக்கும். பஞ்சமி நிலம் பட்டியல் சாதி மக்களுக்கென்று கொடுக்கப்பட்டது. அதை மற்றவர் வாங்குவது செல்லாது, வாங்க நினைப்பதும் தவறு. விற்பவர் வேலிக்குள் மந்தைவெளிப் புறம்போக்கும் சேர்ந்திருக்கிறதா என்று புலப்படத்தோடு நடந்து அளந்து பாருங்கள்.

கால்நடை மருந்தகம் எத்தனை கிலோமீட்டர், ராத்திரியில் கன்று புரண்டு நின்றால் யார் வருவார் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும், ஆனால் கரடுமுரடான காட்டுப் பாதையில் அது உள்ளே வர வழி இருக்க வேண்டும். கோமாரி, தோல் கழலைத் தடுப்பூசி முகாம் ஊரில் ஒழுங்காக நடக்கிறதா என்பதைப் பக்கத்து மாட்டுக்காரரே சொல்லிவிடுவார். மானியத்தை நம்பி இடம் பார்க்காதீர்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் ஐம்பது விழுக்காடு மானியம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், அது ஆடு, கோழி, பன்றி, தீவனம் போன்றவற்றுக்கு. மாட்டுக்கு அல்ல.

முக்கியமாக, முதல் வருடமே நிலம் வாங்காதீர்கள். கொறங்காடு ஆண்டுக் குத்தகைக்குக் கிடைக்கிறது. ஒரு முழு வருடம், இரண்டு மழையும் ஒரு கோடையும், அந்தக் காட்டில் மாட்டோடு இருந்து பாருங்கள். அண்டை வீட்டார் எப்படி, கிணறு எந்த மாதம் இறங்குகிறது, புல் எந்த மூலையில் நன்றாக எழுகிறது என்பதெல்லாம் ஒரு நாள் சுற்றிப் பார்த்தால் தெரியாது.

நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பெரியவரின் காட்டில் ஒன்பது ஏக்கரை ஆவணி முதல் குத்தகைக்குப் பேசியிருக்கிறோம். கிணற்றை ஒட்டி ஓர் ஏக்கரில் மட்டும் கோ-5 கரணை நடுகிறோம், அது கோடையைத் தாண்டினால்தான் இரண்டாவது ஏக்கர். இருபது மாடு என்பது மூன்றாம் வருடக் கணக்கு. இப்போதைக்குப் பழையகோட்டைச் சந்தையில் நான்கு கிடாரி பிடிக்கிறோம். கூடவே பத்துச் செம்மறியும் வையுங்கள், மாடு விட்ட புல்லை அது பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர் சொன்னார். வடக்கு வேலியில் கிளுவை செத்துப்போன இடம் முப்பது அடிக்கு இருக்கிறது. மழைக்கு முன் அதில் கம்பு ஊன்ற வேண்டும். தம்பி நாளைக்கே கிளம்புகிறான்.